ஆசிரியைக்குப் பட்ட கடன்

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை வாங்கும் வீடுகளிலே முதியவர்கள் பலர் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தையேயாகும். அப்பக்கத்தில் "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்ற இரண்டு சொற்கள் கண்ணிற் பட்டால் பார்வை சற்றுத் தரித்து நிற்கும். பிறந்த இடம் வலிகாமமாகவோ வடமராட்சியாகவோ தீவகமாகவோ மட்டக்களப்பாகவோ இருக்கும். பிற்காலத்தில் வாழ்ந்த இடம் வெள்ளவத்தையாகவோ கொட்டாஞ்சேனையாகவோ இருக்கும். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று நீளும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா என்று நாட்டின் பெயரும் நிற்கும். அந்த நீண்ட பட்டியலில் மாணாக்கருக்கு மட்டும் இடமில்லை. கொடுக்க விரும்பினாலும் கொடுக்க இயலாது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற ஒருவருடைய மாணாக்கரின் பெயர்களை எந்தப் பத்திரிகையில் அச்சிட்டு முடிப்பது?

பின்னர் 31ஆம் நாள் வரும். அந்தியேட்டியும் வீட்டுக் கிருத்தியமும் நிறைவேறி, மதிய போசனத்தின் பின் வந்தவர் கையில் ஒரு நினைவு மலர் கொடுக்கப்படும். கல்வெட்டு என்று ஊரில் வழங்கும் அந்த மலரின் அட்டையிலே அம்மையாரின் படம் இருக்கும். உள்ளே தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, இரங்கற் பாக்கள், நன்றி நவிலல் என்பன இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவாமி அறையிலோ புத்தக அலுமாரியிலோ வைப்பார்கள். அத்துடன் ஒரு ஆசிரியையை நினைத்தல் என்ற காரியம் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணிக்கொள்கின்றனர்.

ஆனால் உண்மையில் அது முடிந்துவிட்டதா? மறைந்த ஆசிரியை ஒருவரை நினைப்பது என்றால் என்ன? அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையா, இருப்பவர் தேடும் ஆறுதலா, அல்லது இன்னும் தீராத ஒரு கடனா? கடன் என்றால் அதை யாரிடம் கட்டித் தீர்ப்பது? சைவப் பெருமக்கள் ஒவ்வொருவரும் ஆறுதலாக இருந்து சிந்திக்கவேண்டிய வினாக்கள் இவை. ஈழத்திருநாட்டிலே வாழ்ந்து மறைந்த ஒரு ஆசிரியையின் வாழ்வை முன்வைத்து இவற்றுக்கு விடை தேடலாம்.

ஓய்வின் பின் தொடங்கிய பணி

சிவத்தமிழ்ச்செல்வி பண்டிதை தங்கம்மா அப்பாக்குட்டி அவர்களை அறியாத சைவத் தமிழர் இந்நாட்டில் இலர் என்றால் மிகையாகாது. 1925 சனவரி 7ஆம் திகதி மல்லாகத்தில் பிறந்த அம்மையார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். அதிற் பெரும்பகுதி தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிற் கழிந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் தொடங்கிய கல்விப் பணியிலிருந்து வளர்ந்த கல்லூரி அது. கிறிஸ்தவ மிஷன் ஊன்றிய கல்லூரியிலே ஒரு சைவப் பண்டிதை தமிழ் படிப்பித்தார். யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் இதுவும் மனங்கொள்ளத்தக்க ஒரு செய்தியாகும்.

1976 இல் அம்மையார் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 51. அரசாங்க சேவையில் இருந்தோர்க்கு ஓய்வு என்றால் என்னவென்பது நன்கு தெரியும். கோவைகள் கட்டி வைக்கப்படும், கையொப்பம் பெறப்படும், மாலை போடப்படும். அடுத்த மாதம் முதல் ஓய்வூதியம் வரும். பிறகு சாய்மனைக் கதிரையும் பத்திரிகையும் மாலை வேளைக் கோயிலும் என்று நாட்கள் நகரும். அதில் ஒரு பிழையும் இல்லை. உழைத்தவருக்கு இளைப்பாற உரிமை உண்டு.

அம்மையாருக்கோ அடுத்த வருடமே வேறொரு பாரம் காத்திருந்தது. 1977 இல் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2008 யூன் 15ஆம் திகதி தமது 83 ஆவது வயதில் இறைபதம் எய்தும் வரை அப்பொறுப்பைச் சுமந்தார். 1980களின் தொடக்கத்திலே துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைக்க வழிசெய்தார். சமயச் சொற்பொழிவுக்காகத் தமிழகம், மலேசியா முதலிய நாடுகளுக்கும் சென்றுவந்தார். 1998 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கணக்குப் பார்த்தால் அம்மையார் வகுப்பறையில் நின்ற காலம் முப்பது வருடமளவு, ஓய்வுக்குப் பின் வாழ்ந்த காலம் 32 வருடம். அந்த 32 வருடத்திலே நாடு எதையெல்லாம் கண்டது என்பதை எவரும் மறந்திருக்க முடியாது. 1983 இன் கலவரமும், 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்ததும், 1995 இன் பெரும் இடப்பெயர்வும் அக்காலத்தில் நிகழ்ந்தவையே. தெல்லிப்பழையையும் மல்லாகத்தையும் அயற் கிராமங்களையும் விட்டுப் புறப்பட்டோர் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்து குடியேறினர். இன்னும் பலர் கடல் கடந்தனர். பிள்ளைகளுக்கு ஆதரவு தேவைப்பட்ட காலம் அது. அக்காலத்திலே ஓய்வூதியம் பெறும் ஒரு முதிய ஆசிரியை பெண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றின் பொறுப்பைத் தாங்கி நின்றார்.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. வயிற்றிற் பிறந்த பிள்ளைகள் அவருக்கு இல்லை. அப்படியானால் அவருக்கு உரித்தாளி யார்? காணிக்கும் நகைக்கும் உரித்தாளி யார் என்று சட்டம் சொல்லும். ஆசிரியையின் முதுசத்துக்கு உரித்தாளி யார் என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதை ஏற்றுக்கொள்ள முன்வருபவரே உரித்தாளி. முன்வருபவர் இல்லையென்றால் அந்த முதுசம் கேட்பாரற்றுப் போகும்.

கடனை எங்கே கட்டுவது?

மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பது வைதிக மரபு. தெய்வக் கடனை வழிபாட்டினாலும், பிதிர்க் கடனைச் சந்ததியினாலும் பிதிர் காரியங்களினாலும் தீர்க்கவேண்டும். மூன்றாவது ரிஷிகளுக்குப் பட்ட கடன், அதாவது அறிவைத் தந்தவர்களுக்குப் பட்ட கடன். இதைத் தீர்க்கும் வழி கற்றலும் கற்பித்தலும் என்றே பெரியோர் கொண்டனர். பொன்னோ பொருளோ திருப்பிக் கொடுத்து இக்கடனைத் தீர்த்துவிடலாம் என்று அவர்கள் எண்ணவில்லை.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. கடையில் பட்ட கடனைக் கடைக்காரரிடமே கட்டவேண்டும். வங்கியிற் பட்ட கடனை வங்கியிலேயே கட்டவேண்டும். ஆசிரியரிடம் பட்ட கடனையோ ஆசிரியரிடம் திருப்பிக் கட்ட முடியாது. அகரம் எழுதக் கை பிடித்த ஒருவருக்கு நாம் திருப்பி அகரம் சொல்லிக்கொடுக்க முடியுமா? அந்தக் கை இன்னொரு சிறிய கையைப் பிடிக்கும்போதுதான் கணக்கில் வரவு எழுதப்படுகிறது. வாங்கிய இடம் ஒன்று, கட்டும் இடம் வேறொன்று.

சைவ மரபின் குருபூசையும் இதையே காட்டுகிறது. சம்பந்தருக்கு வைகாசி மூலம், அப்பருக்குச் சித்திரைச் சதயம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, மாணிக்கவாசகருக்கு ஆனி மகம் என்று நால்வர் பெருமக்களையும் அவர்கள் இறைவனோடு கலந்த நாளிலேயே நினைக்கிறோம். நாவலர் பெருமானுக்குக் கார்த்திகை மகம். அந்நாளிலே பூசை முடிந்ததும் மகேஸ்வர பூசை நடைபெறும். அடியாருக்கு அமுது படைக்கப்படும். பூசை குருவின் பெயரில் நடக்கிறது, உணவோ பசித்து வந்தவரின் வயிற்றுக்குப் போகிறது. குருவுக்குச் செய்வதை அவருக்குப் பின் வந்தவருக்குச் செய்வதே முறை என்பதை அன்னதான மடத்தின் வாழையிலையே சொல்லிவிடுகிறது.

நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1879 இல் மறைந்தார். அவருக்குச் சிலைகள் உண்டு, மண்டபங்கள் உண்டு. எனினும் ஈழத்தில் ஊர்தோறும் சைவப் பாடசாலைகள் எழுந்தமையே அவருக்கு எழுந்த பெரிய நினைவுச் சின்னம் எனலாம். சுவாமி விபுலானந்தர் 1947 யூலை மாதத்திற் கொழும்பில் மறைந்தபோது, மட்டக்களப்பு கல்லடி உப்போடையிலே தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே சமாதி வைக்கப்பட்டார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் புத்தகப் பையோடு நடமாடும் இடம் அது. ஆசிரியருக்கு அதைவிடப் பொருத்தமான இளைப்பாறும் இடம் கிடைக்குமா?

ஒரு தடை வினா

இவ்விடத்திலே நியாயமான ஒரு தடை வினா எழும். "ஆசிரியரின் கடனை அடுத்த தலைமுறைக்குக் கட்டினாற் போதும் என்றால், ஆசிரியரை யார் பார்ப்பது?" என்று ஒருவர் கேட்கலாம்.

கேட்கவேண்டிய கேள்வியேதான். வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எத்தனையோ தொடர்மாடிகள் எழுந்துள்ளன. அவற்றின் மூன்றாம் மாடியிலும் நாலாம் மாடியிலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் தனியே வாழ்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். முழங்கால் நோவினாற் கோயிலுக்கு வருவதும் குறைந்துவிடும். தொலைபேசி மணி ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை ஒலிக்கும். அவரிடம் படித்தவர்கள் அதே வீதியில் இருப்பார்கள். வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வங்கி முகாமையாளராகவும் இருப்பார்கள். "ரீச்சரைப் போய்ப் பார்க்கவேணும்" என்று அவர்கள் பல தடவை சொல்லியும் இருப்பார்கள். சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விடும். பின்னர் ஒரு காலையில் மரண அறிவித்தல் வரும்.

அதன்பின் நடப்பதைப் பார்க்கவேண்டும். மாலைகள் குவியும். வெளிநாட்டிலிருந்து பணம் வரும். மலருக்கு அரைப்பக்க அஞ்சலி தரப் பத்துப் பேர் முன்வருவார்கள். உயிரோடு இருந்தபோது அரை மணித்தியாலம் கிடைக்காதவருக்கு இறந்தபின் அரைப்பக்கம் கிடைக்கிறது. இதைக் கொடுமை என்று சொல்வதா, விதி என்று சொல்வதா?

நன்றியை எப்போது சொல்லவேண்டும் என்பதற்குப் பிறநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அல்பேர் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஜீரியாவிலே வறிய குடும்பத்திற் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை 1914 இல் முதல் உலகப் போரில் மாண்டார். தாய்க்கு எழுத்தறிவு இல்லை. ஆரம்பப் பாடசாலை ஆசிரியரான லூயி ஜெர்மேன் அச்சிறுவனின் திறமையைக் கண்டு, புலமைப் பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தம் செய்து, வீட்டாரையும் இணங்கவைத்து மேற்படிப்புக்கு அனுப்பினார். 1957 இல் காம்யுவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆரவாரம் சற்று அடங்கியதும் அவர் தம் பழைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். தாயை அடுத்துத் தமக்கு நினைவு வந்தவர் அந்த ஆசிரியரே என்பதை அதிற் சொன்னார். பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை நூலாக்கி அவருக்கே காணிக்கையாக்கினார். ஆசிரியரும் பதில் எழுதினார். 1960 சனவரியில் வீதி விபத்தொன்றிற் காம்யு இறந்தார். பிறகு எழுதலாம் என்று ஒத்திவைத்திருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டே இராது. ஆசிரியர்தான் முந்திப் போவார் என்று எண்ணி ஒத்திவைக்கிறோம். மாணவனுக்கும் தவணை யாரும் எழுதித் தரவில்லை.

எனவே தடை வினாவுக்கு விடை இதுவேயாகும். ஆசிரியைக்குப் பட்ட கடன் இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று அவருடைய ஆளுக்கு உரியது, மற்றையது அவருடைய பணிக்கு உரியது. ஆளுக்கு உரியதை அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடவேண்டும். பணிக்கு உரியதை அவர் மறைந்த பின்னரும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். எம்மவரிடம் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது "ரீச்சரின் சேவை பெரிது" என்று பணியைப் புகழ்ந்துவிட்டு ஆளைத் தனியே விடுகிறோம். மறைந்த பின்போ படத்தைப் பெருப்பித்து மாலை போட்டு ஆளைப் போற்றிவிட்டுப் பணியைத் தனியே விடுகிறோம்.

நெய்யரியும் பசுவும்

நன்னூல் ஆசிரியரின் இலக்கணத்தையும் மாணாக்கரின் இலக்கணத்தையும் விரிவாகக் கூறும் நூல். நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் அது ஒப்பிடுகிறது. மாணாக்கரிலே தலையானவரை அன்னமும் பசுவும் என்றும், இடையானவரை மண்ணும் கிளியும் என்றும், கடையானவரை ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்றும் பிரிக்கிறது. படிக்கும் காலத்துக்கு மட்டுமன்றி நினைக்கும் காலத்துக்கும் இந்தப் பாகுபாடு அப்படியே பொருந்துகிறது.

செத்த வீட்டிலே கண்ணீர் விட்டு 32ஆம் நாள் மறந்துவிடுபவர் ஓட்டைக் குடம் போன்றவர். ஆசிரியையின் வாக்கியங்களை மேடைதோறும் திருப்பிச் சொல்லி, அதன்படி ஒன்றும் செய்யாதவர் கிளி போன்றவர். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைக்கும். பட்டங்களையும் பதவிகளையும் விழாவுக்கு வந்த பிரமுகர்களின் பெயர்களையும் நிரல்படுத்தி வைத்துக்கொண்டு, அந்த ஆசிரியை பிள்ளைகளுக்கு என்ன செய்தார் என்பதை ஒழுகவிடும் நினைவு மலர்கள் நெய்யரி போன்றவை. பசு கிடைத்த நேரம் மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் இருந்து அசைபோடும். மேய்ந்த புல் அப்போதுதான் பாலாகும். நினைவும் அவ்வாறு அசைபோடப்பட்டாலே பயன் தரும்.

நினைவு மலரிலே பொய்யும் கூடாது. மறைந்தவர் எல்லோரும் கோபமே அறியாதவர், குறையே இல்லாதவர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தவறான விடையைச் சிவப்பு மையாற் சுழித்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை, தன்னைப் பற்றிய மிகைப்பாட்டைக் கண்டால் அதையும் சுழித்திருப்பார். கண்டிப்பானவரைக் கண்டிப்பானவர் என்றே எழுதலாம். அந்தக் கண்டிப்பினால் நன்மை பெற்றவரும் இருப்பார், மனம் நொந்தவரும் இருப்பார். இருவரும் சேர்ந்து நினைக்கும்போதுதான் உயிருள்ள ஒரு மனிதப் பிறவி கண்முன் வரும்.

இதிலும் ஆழமான ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் நல்லவரைத் தெய்வமாக்கிவிடுவது. "அவ ஒரு தெய்வப் பிறவி" என்று சொல்லிவிட்டால் பின்பற்றும் பொறுப்பு விட்டுப்போகிறது. தெய்வம் செய்ததை மனிதர் செய்ய முடியுமா என்று கையை விரித்துவிடலாம். தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரையும் சிலர் இவ்வாறு உயரத்தில் ஏற்றிவைத்துவிட்டுக் கும்பிட்டுப் போகக்கூடும். ஆனால் அவர் மாதச் சம்பளம் வாங்கிய ஆசிரியை. பரீட்சை எழுதிப் பண்டிதையானவர். ஓய்வூதியம் பெற்றவர். ஒரு தேவஸ்தானத்தை நடத்துவதென்றால் வரவு செலவு பார்க்கவேண்டும், சபைக் கூட்டம் கூட்டவேண்டும், கூலியாட்களோடு பேசவேண்டும், மனத்தாங்கல்களைத் தீர்க்கவேண்டும். ஒரு இல்லத்தை நடத்துவதென்றால் நாளாந்தம் அரிசிக்கும் மரக்கறிக்கும் கணக்குப் பார்க்கவேண்டும். இவையெல்லாம் மனிதர் செய்யக்கூடிய காரியங்களே. அதனாலேயே அம்மையாரின் வாழ்வு மற்றவரைக் கேள்வி கேட்கிறது.

பெண் ஒருவர் ஆலயமொன்றின் தலைமையை ஏற்பது 1977 இல் யாழ்ப்பாணத்தில் வழக்கமான காரியம் அன்று. ஊர் அவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது, அவரும் 31 ஆண்டுகள் அதைத் தாங்கினார். இதைப் புகழ்ந்து எழுதுவது எளிது. புகழ்ந்த பின் தலைநகரிலுள்ள ஆலயங்களின் பரிபாலன சபைகளையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவேண்டும். பூமாலை கட்டவும் கோலம் போடவும் பிள்ளைகளுக்குத் தேவாரம் பழக்கவும் பெண்கள் வேண்டும், தீர்மானம் எடுக்கும் மேசையில் வேண்டாம் என்றால், அம்மையாரின் படத்துக்கு விளக்கேற்றுவதிற் பொருள் என்ன?

முதுசம் ஏற்றவர்கள்

2008 இல் அம்மையார் மறைந்தபோது அவருடைய பணிக்கு என்ன நேரும் என்ற கவலை பலருக்கும் இருந்திருக்கும். தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஆறு. திருமுருகன் அவர்கள். அவரும் ஒரு ஆசிரியரே, சுன்னாகம் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான பாடசாலை, முதியோர் இல்லம் என்று சிவபூமி அறக்கட்டளையின் பெயரில் அவர் முன்னெடுத்த பணிகளை நாடறியும். அம்மையாரின் நினைவு அந்தப் பணிகளிலே தொடர்கிறது. ஒருவர் இறக்கிவைத்த சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றும்போது, முன்னையவர் பெயரை உரத்துச் சொல்லாவிட்டாலும் அது நினைவுகூரலேயாகும்.

எல்லோரும் இல்லம் அமைக்க முடியாது. தேவஸ்தானம் நடத்தவும் முடியாது. சிறிய சுமைகளும் உண்டு. கொட்டாஞ்சேனையில் 1902 ஆம் ஆண்டு தொடங்கிய விவேகானந்த சபை, சைவசமய பாடப் பரீட்சையை நாடெங்கும் நடத்திவந்தது. அப்பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்திய ஆசிரியைகள் எத்தனையோ பேர். ஆலயங்களின் அறநெறிப் பாடசாலைகளிலே ஞாயிறு காலையில் வெண்கட்டியோடு நிற்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர். அவர்களில் ஒருவர் மறைந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் வந்து பாயில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் யார் நிற்பது? அவருக்குப் பளிங்குக் கல் நாட்ட நிதி சேர்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி அது. கல் வேண்டாம் என்பதல்ல. பெயரும் படமும் வேண்டியவையே, அடுத்த தலைமுறை "இவர் யார்?" என்று கேட்பதற்கு ஒரு முகம் தேவை. ஆனால் கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவர் நிற்கவேண்டும்.

கல்வெட்டு என்னும் நினைவு மலருக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு என்பதை மறத்தலாகாது. அதிலே அச்சிடப்படும் திருமுறைப் பாடல்களைப் பார்த்துத் தேவாரம் பாடப் பழகிய பிள்ளைகள் ஈழத்தில் ஏராளம். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. இடம்பெயர்ந்த கிராமங்களின் பாடசாலைகள், குடும்பங்கள், கோயில்கள் பற்றிய செய்திகள் வேறெங்கும் கிடைக்காதபோது அம்மலர்களிற் கிடைக்கின்றன. ஆகவே மறைந்த ஆசிரியை ஒருவருக்கு மலர் வெளியிடுவோர் இரங்கற் பாக்களைச் சற்றுக் குறைத்து, அவர் எந்த ஆண்டு எந்தப் பாடசாலையில் என்ன கற்பித்தார், எப்படிக் கற்பித்தார் என்பதை மாணாக்கரிடம் கேட்டு எழுதுவார்களாயின், அம்மலர் அந்த ஆசிரியை நடத்தும் கடைசிப் பாடமாக அமையும். இன்னும் நன்று, அவர் இருக்கும்போதே அவரிடம் போய்க் கேட்டு எழுதிவைப்பது.

இலங்கையில் ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். பாடசாலைகளில் அன்று விழா நடக்கும், சேவையில் இருப்போருக்குப் பரிசும் பூவும் கிடைக்கும். ஓய்வுபெற்றவர் வீட்டுக் கதவை அன்றைக்கு யார் தட்டுகிறார்கள்? ஆலயங்கள் இதிலே முன்வரலாம். தம் எல்லைக்குள் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, நவராத்திரியின் ஒன்பது நாளில் நாளுக்கொரு வீடாக இரண்டு இளைஞர் பிரசாதத்துடன் போய்வரலாம். பெரிய செலவு இல்லை. போகும்போது பொதுவாகப் புகழாமல், "ரீச்சர், நீங்கள் சொல்லித்தந்த இந்தக் கணக்கு, இந்தப் பாட்டு, இன்றைக்கும் எனக்கு உதவுகிறது" என்று ஒன்றைக் குறித்துச் சொன்னாற் போதும். விதைத்தது முளைத்ததா என்ற ஒரே கேள்விதான் முதிய ஆசிரியர் மனதில் இருக்கும். அதற்குப் பதில் தெரியாமலே பலர் போய்விடுகிறார்கள்.

ஆசிரியை ஒருவர் மறைந்த செய்தி வரும்போது இனித் தம்மையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வோமாக. அவர் இருந்தபோது போய்ப் பார்த்தோமா? அவர் விட்ட இடத்தில் யார் நிற்கிறார்? முதற் கேள்விக்கு இல்லை என்பது பதிலானால் அதை இனித் திருத்த இயலாது. உயிரோடு இருக்கும் வேறொரு ஆசிரியையிடம் இந்த வாரமே போகலாம். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், அதைத் திருத்த நேரம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வகுப்புக்கு முன்னால் ஒருவர் போய் நிற்கவேண்டும், அவ்வளவே.

முதுசத்தை ஏற்கும் மனமும் அதைத் தாங்கும் வலுவும் சைவ மக்கள் எல்லோருக்கும் கிடைக்க எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.